செத்தபின் வரும் பக்கங்கள்

மலையகத்தில் வாசிப்போர் தொகையை வருட முடிவுக்குள் உயர்த்தியே தீருவது என்று பதுளையிலுள்ள மாகாண வாசிப்பு விருத்திப் பணியகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அதன் விளைவாக, ஹாலிஎலயிலிருந்து ஏழு மைல் மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு நாவல்கள் லொறியில் வந்து இறங்கின. வேலைக்குப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுச்சென்ற, இப்போது கூரை ஒழுகும் பழைய பிள்ளைமடுவத்துக்கு வாசிகசாலை என்று பலகை மாட்டினார்கள். நாடா வெட்டினார்கள். பாற்சோறு சாப்பிட்டார்கள். பிறகு வாகனங்கள் வந்த வழியே இறங்கிப் போயின.

நூல்களைத் தெரிவுசெய்தவர் பணியகத்தின் உதவிப் பணிப்பாளர் திரு. சிவஞானம். அவர் எதையும் பார்க்காமல் தெரிவுசெய்தார் என்பது அவதூறு. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா அட்டையிலும் ஒரு நிலாவும், கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணும் இருந்தபடியால் தரம் ஒரே சீராக இருப்பதாகக் குறிப்பெழுதினார்.

தரம் ஒரே சீராகத்தான் இருந்தது. எழுபத்தொன்பது நாவல்களில் நாயகன் பெரும் பணக்காரன். பதினோராம் பக்கத்தில் நாயகிமேல் மோதுவான், தொண்ணூறாம் பக்கம்வரை சிரிக்கமாட்டான். மிச்சம் நூற்றி முப்பத்து மூன்றும் இப்போதைய மோஸ்தர்படி எழுதப்பட்டவை. அவற்றில் நாயகன் நாற்பதாம் பக்கமளவில் செத்துவிடுவான். ஐம்பதாம் பக்கத்தில் ஆவியாகவோ ஓநாயாகவோ இரத்தம் குடிப்பவனாகவோ ஈரத் தலையோடு திரும்பி வருவான். எப்படி வந்தாலும் வாசனையாக வருவான்.

ரெங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. கொழுந்து பறிப்பவள், எட்டாம் வகுப்புவரை படித்தவள், கையில் கிடைத்ததை எல்லாம் வாசிப்பவள். மூன்று மாதத்தில் அறுபது நாவல்களை முடித்தாள். சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த றோசாலியும் வாசித்தாள். ஆனால் அவளுக்கு அவை பிடித்திருந்தன.

“இதப் பாரு,” என்றாள் ரெங்கம்மா ஒருநாள். “தேயிலைக்குள்ள வெள்ளச் சேலையோட ஓடுறாளாம். நம்ம பதினாலாம் நம்பர் மலையில ஓடச் சொல்லு பாப்போம். அட்டை குடிச்சது போக மிச்சம் இருந்தாத்தானே அந்தக் காதலன் ரத்தம் குடிக்கிறதுக்கு?”

“ஒங்களுக்கு என்னாக்கா, எதப் படிச்சாலும் குத்தம்.”

ரெங்கம்மாவுக்குக் குற்றம் சொல்லக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தம்பையா நாலு வருஷத்துக்கு முன் தேயிலைச் செடிகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டிச் செத்துப்போனவன். அறுபதாவது நாவலில் நாயகன் செத்து, மழைக்குள் திரும்பி வந்து, “உன்னை விட்டு எங்கே போவேன்?” என்று கேட்டான். அன்று சாயந்தரம் தேத்தண்ணி ஊற்றும்போது ரெங்கம்மா தன்னை அறியாமல் இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டாள். இரண்டாவது கோப்பை ஆறி ஏடு படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அழுகை வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கடைசியாக வந்த கோபத்தோடு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பணியகத்துக்கு எழுதினாள்:

“தாங்கள் அனுப்பிய புத்தகங்களில் செத்தவர்கள் செத்தபடி இருப்பதில்லை. செத்தவன் திரும்பி வராத ஒரு புத்தகமாவது அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

தபாலை நம்பாமல், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, பதுளைக்கு பஸ் ஏறிக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனாள்.

சிவஞானம் அதை இருமுறை வாசித்தார். எழுதுவினைஞர் காமிலாவைக் கூப்பிட்டு நூல் முறைப்பாட்டுப் படிவத்தை எடுக்கச் சொன்னார்.

“புத்தகம் கிழிஞ்சிருந்ததா அம்மா?”

“இல்லீங்க சேர்.”

“எலி கடிச்சதா?”

“எலி நல்லாத்தான் இருக்கு சேர். கதைதான் பழுது.”

“கதைக்குப் படிவத்தில இடமில்ல. கிழிவு, எலி, நனைவு, பக்கம் குறைவு, பக்கம் கூடுதல். இந்த அஞ்சுதான் அங்கீகரிக்கப்பட்ட குறைபாடு.”

காமிலா இரக்கப்பட்டாள். “சேர், செத்த பொறகும் கதை போகுதுன்னு தானே சொல்றாங்க? அப்ப அது பக்கம் கூடுதல் இல்லையா?”

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருட சேவையில் ஒரு முறைப்பாடு இவ்வளவு அழகாக ஒரு கட்டத்துக்குள் அமர்ந்ததை அவர் கண்டதில்லை.

“பக்கம் கூடுதல்,” என்று எழுதிக் கையொப்பமிட்டார். “பரிகாரம்: கூடுதலான பக்கங்களை அகற்றுதல்.”

“நான் வேற புத்தகம்தான் கேட்டேன் சேர்,” என்றாள் ரெங்கம்மா.

“வேற புத்தகம் கேக்கிறது கோரிக்கை. நீங்க தந்தது முறைப்பாடு. முறைப்பாட்டுக்குத்தான் பதினாலு நாளில நடவடிக்கை.”

பதினாலாம் நாள் நடவடிக்கை வந்தது. சிவஞானம், காமிலா, இரும்பு அடிமட்டம், இரண்டு கத்தி, எட்டு உரச்சாக்கு. நூற்றி முப்பத்து மூன்று நாவல்களிலும் நாயகனின் உயிர் பிரியும் வரியைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் இருந்த பக்கங்களை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். ஓநாயாக மாறியவனைப் பற்றி மட்டும் சிறு சர்ச்சை எழுந்தது. மனிதனாக இல்லாது போதல் இறப்புக்குச் சமம் என்று சிவஞானம் தீர்ப்பளித்ததும் அவனையும் வெட்டினார்கள். மூன்று தடவை செத்தவனுக்கு முதலாவது சாவே செல்லுபடியாகும் என்றும் முடிவாயிற்று. வெட்டிய பக்கங்கள் அரச சொத்து ஆகையால் சாக்கில் கட்டி பதுளைக்குக் கொண்டுபோகப்பட்டன.

அடுத்த நாள் காலைப் பெரட்டில் ரெங்கம்மாவோடு யாரும் பேசவில்லை. வேலை பிரிக்கும் அந்த அரைமணி நேரம் அவள் தனியாக நின்றாள்.

“ஓநாய் அவ கையப் புடிக்கிற எடத்துல அடையாளம் வச்சிருந்தேன்,” என்றாள் றோசாலி மலையில், முகத்தைப் பார்க்காமல். “வந்து பாக்குறேன், கையும் இல்ல, ஓநாயும் இல்ல. அட்டைதான் இருக்கு.”

“நான் வெட்டச் சொல்லலடி.”

“எழுதிக் குடுத்தது யாரு?”

ரெங்கம்மாவுக்குக் கேட்டது கிடைத்திருந்தது. செத்தவன் வராத புத்தகம் ஒன்றல்ல, நூற்றி முப்பத்து மூன்று. வாசிகசாலைக்குப் போய் ஒன்றை எடுத்து வாசித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் நாயகி அழத் தொடங்கினாள், அட்டை வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் ஒருத்தி அழுதுகொண்டே அட்டையில் முட்டினாள். ஏழாவது புத்தகத்தில் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை பெண்களை இப்படி நடுவழியில் அழவிட்டுப் போய்விட்டார்களே என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து, கொழுந்து நிறுக்கக் காத்திருந்தபோது றோசாலி மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்க அந்த ஓநாயப் படிச்சிங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்னா நடந்திருக்கும்?”

“படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? அம்பதாம் பக்கத்துல கதவு தட்டும். அறுபத்தி நாலுல மழை. நூத்திப் பத்துல இன்னொருத்தி வருவா. நூத்தி நாப்பதுல கல்யாணம்.”

“அப்பிடி இல்ல. ஒழுங்கா சொல்லுங்க.”

ரெங்கம்மா சொன்னாள். முதலில் ஏனோதானோவென்று சொன்னாள். அப்புறம் வாசனையாக வந்து நிற்பவனை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் அவளுடைய செத்தவன் சளி பிடித்த இருமலோடு வந்தான். வந்ததும் “சம்பலுக்கு உப்புப் பத்தாது” என்றான். கவ்வாத்துக் கத்தியைக் கூரை இடுக்கில் தேடினான். கிடைக்கவில்லை என்று அவளையே திட்டினான். கதவருகில் நின்று, “குளிருது, உள்ள வரவா?” என்று மட்டும் தயங்கிக் கேட்டான்.

சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. தராசடியில் நின்ற கங்காணி நிறையை எழுத மறந்துபோனான். றோசாலி மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குப் பிறகு தினமும் நிறுவை நேரத்தில் ஒரு கதை நடந்தது. ரெங்கம்மா வாசிக்காத நாவலுக்கும் மீதியைச் சொன்னாள். இந்தச் செய்தி எப்படியோ பதுளைக்கு எட்டியது. காமிலா சந்தேகப்பட்டு, சாக்கை அவிழ்த்து, வெட்டிய பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கதவு தட்டும் பக்கமும் மழையும் கல்யாணமும் ஒன்றுகூடப் பிசகவில்லை. இருமலும் உப்பும்தான் அச்சில் இல்லை.

“சேர், அந்தம்மா சொல்றதுதான் நல்லா இருக்கு,” என்றாள்.

சிவஞானம் கலவரமடைந்தார். பணியகம் முறைப்படி அகற்றிய ஆவிகளை ஒரு தனிநபர் அனுமதியின்றி மீண்டும் புழக்கத்தில் விடுவது பாரதூரமான விடயம். நேரடிப் பரிசோதனைக்காக அடுத்த புதன்கிழமை மேற்பிரிவுக்குப் புறப்பட்டார். போனதும் முதலில் வாசிகசாலையில் நுழைந்து, வெட்டிய நாவல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, அதைக் கையோடு கொண்டுவந்தார்.

நிறுவைக் கொட்டகையில் அவரைக் கண்டதும் பெண்கள் எழுந்து நின்றார்கள். ரெங்கம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

“இங்க செத்தவங்க திரும்பி வர்றதா முறைப்பாடு,” என்றார் சிவஞானம்.

“புத்தகத்துல வர்றதில்ல சேர். நீங்கதான் வெட்டிட்டீங்களே.”

“வேற எப்படியாவது?”

சிவஞானம் கையிலிருந்த நாவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாரதி எட்டத்தில் நிற்பதை உறுதிப்படுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“இந்தப் பிள்ளை ஸ்டேசன்ல அழுதுக்கிட்டு நிக்கிறா. நாப்பத்தி மூணாம் பக்கம். அப்புறம் அவன் வந்தானா?”

“உக்காருங்க சேர்,” என்றாள் றோசாலி, கொழுந்துச் சாக்கை விரித்து.

அன்று சிவஞானம் பதுளைக்குத் திரும்ப மாலை ஐந்தரை ஆயிற்று. மறுநாள் அவருடைய அறிக்கையைக் காமிலா கோப்பில் சேர்த்தாள். மேற்பிரிவில் இறந்தோர் எவரும் திரும்பி வரவில்லை என்பது நேரில் உறுதிசெய்யப்பட்டது என்றும், முறைப்பாடு முற்றாகத் தீர்ந்தது என்றும், இத்திட்டம் ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அடியில், அடுத்த பரிசோதனைத் திகதி என்ற கட்டத்தில் நாளைக்கே என்று போட்டிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:

“கதவு தட்டப்பட்டுள்ளது. இன்னும் திறக்கப்படவில்லை.”