தென்னைக்கென்று வாங்கிய கருவாடு

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஒரு பன்றி என் மானத்தை வாங்கிய கதையை நானே ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் சூசை வீட்டில் எப்படியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதுவும் கூட்டிச் சொல்கிறார்கள்.

எழுபத்தெட்டில் என் கூட்டாளி சூசைக்குக் கொக்கிளாயில் பெண் பார்த்தார்கள். நானும் கூடப் போனேன். பெண்ணின் தகப்பன் கடற்கரையில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடி வைத்திருந்தவர். சீதனத்துக்குக்கூட இழுபறிப்படாத மனிதர், ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“வருசம் முழுக்க மீன்தான் தின்னிறம். உங்கட பக்கத்து விருந்திலையாவது இறைச்சி போடுங்கோ.”

சூசை என்னைப் பார்த்தான். முரசுமோட்டையில் என் வளவில் ஓர் ஆண் பன்றி நின்றது. குட்டியிலேயே காயடித்தாயிற்று, இல்லாவிட்டால் இறைச்சி கெட்ட மணம் மணக்கும். (படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் பன்றி விசயத்தில் நான் விண்ணன்.) ஆனால் சரியான மெலிவு. கலியாணத்துக்கு நாலு மாதம்தான்.

“மச்சான், என்ர மானம் உன்ர கையிலை” என்றான்.

வாடிக்குப் பின்னால் கழிவுக் கருவாடு சாக்குச் சாக்காகக் கிடந்தது. இரண்டு சாக்குக் கேட்டேன். தென்னையடியில் போடப் பசளையோ என்று தகப்பன் விசாரித்தார். விருந்து ரகசியமாக இருக்கட்டுமே என்று, ஓம் என்றேன். முடிய முடியப் போய் ஏற்றி வந்தேன்.

கருவாடு தின்று பன்றி வளர்ந்தது. கிழமைக்கொருதரம் வயிற்றைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்து, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் காட்டினேன். பக்கத்து வளவு மாரிமுத்து அண்ணன், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர், கயிற்றைப் பார்க்கவில்லை. தீனித் தொட்டியை மணந்து பார்த்தார்.

“கடைசி ரெண்டு மாசம் கருவாட்ட நிறுத்திட்டு தவிடும் மரவள்ளியும் போடுங்க தம்பி. தின்னது கறியில வரும்.”

தவிட்டில் முடிச்சு ஏறுமா? நான் நிறுத்தவில்லை.

விருந்தன்று சட்டி கொதித்தபோதே குசினியில் ஒரு வாசம். மிளகுத் தூளை அள்ளிப் போட்டேன். கருவாட்டுக்கு மிளகு நல்ல பொருத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொக்கிளாய்ச் சனம் ஒரு வாய் வைத்து, ஒருவரையொருவர் பார்த்தது. சூசை இலையை விட்டு நிமிரவில்லை. மாமனார் மட்டும் ஒரு துண்டை ஆறுதலாக மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உம்மட தென்னை எத்தினை கால்?”

அன்றிலிருந்து கொக்கிளாயில் எனக்குத் ‘தென்னந்தம்பி’ என்று பெயர். போன மாதம் சூசையின் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றார்கள். விருந்துக்கு ஒரு பன்றி வளர்த்துத் தரட்டோ என்று சூசையிடம் நல்லெண்ணத்தோடு கேட்டேன்.

“வேண்டாம் மச்சான், இந்தமுறை நேராக் கருவாடே வாங்கிறம்.”