லோகேஸ்வரி டீச்சரின் கத்திரிப்பூ நிறம்

ஜார்ஜ் டவுன்,
செவ்வாய், பகல் இரண்டரை மணி.

மரியாதைக்குரிய ரமணி அக்காவுக்குத் தம்பி சந்திரசேகரன் பணிந்து எழுதுவது. இங்கு நானும் உமாவும் உடம்பளவில் நலம். புக்கிட் மெர்தாஜாமில் நீங்களும் அத்தானும் அவர் முழங்காலும் நலந்தானே? போனில் பேசினால் குரல் நடுங்குகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நான்கு மணிக்கு லோகேஸ்வரி டீச்சர் என் சட்டை அச்சடிக்கும் கடைக்கு வருகிறார். நம் இருவருக்கும் நாலாம் வகுப்பில் கணக்கு எடுத்த அதே டீச்சர்தான். எனக்கு ஐம்பத்து மூன்று, அவருக்கு எண்பது. இருந்தும் அவர் பெயரை எழுதும்போதே அன்று அவர் திருகிய என் இடது காது சூடாகிறது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களுக்கு நூற்று முப்பது வெள்ளைச் சட்டைகள், நெஞ்சில் கத்திரிப்பூ நிறத்தில் வேல். ஒரு சேலைத் துண்டைக் கொடுத்து, "இதே கலர்தான் வேணும். கொஞ்சம் மாறினாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றையும் கலந்து அந்தத் துண்டின் மேல் ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு எது, துணி எது என்று தெரியவில்லை! அந்தப் பெருமையில் எதை எத்தனை கிராம் போட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. அறுபத்தைந்தாவது சட்டையோடு மை தீர்ந்துவிட்டது, அக்கா. மறுபடி கலந்தால் பீட்ரூட். நீலம் ஊற்றினேன், பேனா மை. வெள்ளை ஊற்றினேன், வெளிறிப்போன கெலாடிக் கிழங்கு ஐஸ்கிரீம். ஊற்றி ஊற்றி ஒரு கிண்ணம் மை ஒரு வாளி ஆகிப்போச்சு. கடைசியில் கடை விளக்கில் சரியாகத்தான் இருந்தது. மிச்சம் அறுபத்தைந்து சட்டைகளையும் அடித்து, சூடு காட்டி உலர்த்தி, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் மறுபடி பீட்ரூட்!

உமா வந்து பார்த்தாள். "ஒண்ணு கத்திரிக்கா, ஒண்ணு பீட்ரூட். சாம்பார் வைக்கலாம் லா!"

"சிரிக்காதடி, டீச்சர் வர்றாங்க."

"உள்ளதச் சொல்லுங்க. அடிக்கவா போறாங்க?"

அவள் வேறு பள்ளிக்கூடம். அவளுக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை பூசம், வேறு சட்டையும் இல்லை. அதனால் மூன்றரை ஃபெரியில் அங்கே வந்துவிடுகிறேன். டீச்சர் போன் பண்ணினால் நான் வரவில்லை என்று அத்தானைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்காதீர்கள். நீங்களும் அவரிடம் படித்தவர், உளறிவிடுவீர்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முருகன் உங்களைக் காக்கட்டும். கை ஒழிந்தால் என்னையும்.

மை படிந்த கையோடு,
சேகர்

பி.கு.: அக்கா, நான் வரவில்லை. டீச்சர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு குவியலையும் வெயிலில் பார்த்தார்.

"டேய் சேகரு, இது வேற கலர்."

"ஆமாங்க டீச்சர்." இடது காதைப் பொத்திக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு. போன வருஷம் யாரு காலை ஆளு, யாரு சாயந்தர ஆளுன்னே தெரியல. ரெண்டு கலரா அடிக்கச் சொல்ல மறந்துட்டமேன்னு வழியெல்லாம் கவலப்பட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையோடு கொண்டுவந்த பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். இருபது வெள்ளைச் சட்டைகள்.

"சாயந்தரத்துக்கு ஆள் கூடிப்போச்சு. நாளைக்குள்ள இதுலயும் அந்தப் பீட்ரூட்டு அடிச்சிரு. அதே கலர். கொஞ்சம் மாறினாலும் எனக்குத் தெரியும்."

அக்கா, அந்தப் பீட்ரூட் மை வாளியை நான் இரண்டே முக்காலுக்குத்தான் கழுவி ஊற்றினேன்.