ஒட்டகச்சிவிங்கிக் குட்டியின் வயது

"வயசு பூஜ்யம்னு போட்டா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது தம்பி!" என்று தொலைபேசியில் கத்தினார் ஒட்டகச்சிவிங்கிக் காப்பாளர். "நேத்துப் பொறந்த குட்டி. தாய் கிட்டயே சேர்க்கல. கம்ப்யூட்டர்ல ஏத்தாம ஸ்டோர்ல ஒரு சொட்டுப் பால் தர மாட்டேங்கிறாங்க."

"வயசு ஒண்ணுன்னு போடுங்கக்கா."

"போட்டேனே! ஒரு வயசுக் குட்டிக்கு எதுக்குப் பாலுன்னு இலைக்கட்டு அனுப்பியிருக்காங்க."

விலங்குக் காட்சிசாலையின் கணினி அறையில் போனை எடுத்த அவனுக்கு 'அகராதி' என்று பெயர். தரவு அகராதி அவன் பொறுப்பில் இருந்ததால் வந்த பெயர். கணினியின் எந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம், எந்த அளவில் எழுதலாம், காலியாக விட்டால் என்ன அர்த்தம் என்பதையெல்லாம் சொல்லும் பட்டியல் அது. அதில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் மாற்றச் சீட்டு எழுதி நான்கு பிரிவுகளில் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து நாளாகும். குட்டி பத்து நாள் பட்டினி கிடக்குமா?

தவிர, அன்று எந்தப் புகாரும் கிளம்பக் கூடாத நாள். மூன்று வருடமாக அவன் தற்காலிக ஊழியன். பணி நிரந்தர ஆணை ஒருவழியாக இயக்குநரின் மேசைக்குப் போயிருந்தது. மாமனார் காலையிலேயே போன் செய்து, "என்ன மாப்பிள்ளை, இன்னைக்காவது ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டார்.

சீட்டாவது மண்ணாவது என்று தரவு அகராதியைத் திறந்தான். 'வயது: ஆண்டுகளில்' என்பதை 'நாள்களில்' என்று மாற்றினான். குட்டிக்கு வயது ஒன்று. பால் போய்ச் சேர்ந்தது.

கால் மணி நேரத்தில் யானைக் கொட்டடியிலிருந்து அழைப்பு.

"யானைக்கு ரப்பர் வெச்ச பால்புட்டி வந்திருக்கு சார். அதுக்கு நாப்பது வயசு!"

நாற்பது ஆண்டு யானை, இப்போது நாற்பது நாள் குழந்தை. யானை மட்டுமா? இந்த நிரலை முதலில் எழுதிய சிக்கனப் பேர்வழி, வளாகத்துக்குள் சாப்பிடும் விலங்கு, ஊழியர் அத்தனை பேரையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தார். ஐம்பத்தேழு வயது இயக்குநருக்கும் ஒரு புட்டி போயிருந்தது. நல்லவேளை, காபிக்கு வந்த பால் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அகராதி யோசித்தான். குட்டியை விட்டுவிட்டு மற்ற எல்லோரின் வயதையும் முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினான். குட்டியை மறக்காத தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

மாற்றச் சீட்டு போயிருந்தால் ஊழியர் பிரிவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். போகவில்லை. அவர்களுடைய ஓய்வு நிரல் வயதை இன்னும் ஆண்டுகளாகவே படித்தது.

"யோவ் அகராதி!" இயக்குநரின் குரல் போனைத் தாண்டி வந்தது. "எனக்கு ஓய்வுக் கடிதம் வந்திருக்கு. இருபதாயிரத்து எண்ணூத்தஞ்சு வயசு வரைக்கும் அயராம உழைச்சதுக்கு நன்றியாம்!"

"பிரிண்டர் கோளாறு சார். ரெண்டே நிமிஷம்."

மற்றவர்களின் கடிதங்கள் வராமலிருக்க பிரிண்டர் ஒயரைப் பிடுங்கினான். ஊழியராக இருந்தால்தானே ஓய்வு? இயக்குநரின் வரியில் 'வகை' என்ற கட்டத்தைக் காலி செய்தான். ஓய்வு ரத்தானது. அப்பாடா என்று நிமிர்ந்த பிறகுதான் தரவு அகராதியில் அந்த இடத்தைப் படித்தான். 'வகை: காலியாக இருந்தால் விலங்கு.'

கூண்டு இல்லாத வயதான விலங்கைக் கண்டால் கணினி சும்மா இருக்காது. காட்சிசாலைகள் தங்களுக்குள் விலங்குகளை மாற்றிக்கொள்ளும் பட்டியலில் ஏற்றிவிடும். ஏற்றிவிட்டது. பத்தே நிமிடத்தில் இன்னொரு காட்சிசாலையிலிருந்து பதிலும் வந்துவிட்டது. 'சம்மதம். பதிலுக்கு இரண்டு வரிக்குதிரைகள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. லாரி புறப்பட்டுவிட்டது.'

அகராதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வேலை போனது போனதுதான் என்று இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

"என்னையே மாத்திட்டியா? எதுக்குய்யா மாத்துனே?"

"ரெண்டு வரிக்குதிரைக்கு சார்."

இயக்குநர் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். ஆறு வருடமாக வரிக்குதிரை கேட்டு எழுதி எழுதிக் களைத்தவர் அவர்.

"ரெண்டா?"

"ஜோடி சார். ஒரு ஆண், ஒரு பெண்."

"கதவைச் சாத்து." குரலைத் தணித்தார். "முதல்ல குதிரைங்கள இறக்கிக்குவோம். அப்புறம் நான் மனுஷன்னு அடையாள அட்டைய நீட்டுறேன். என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போகவா முடியும்? குதிரைங்க கால் தரையில பட்டதும் உன் ஆணையில கையெழுத்து."

அவர் காலில் விழாத குறையாக வெளியே வந்தான். மாமனாருக்குப் போன் செய்து, "ஆயிடுச்சு மாமா!" என்றும் சொல்லிவிட்டான்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. காப்பாளர் அக்கா புல்கட்டோடு நின்றார். இயக்குநர் ஆணையை விரித்துவைத்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார். ஓட்டுநர் குதித்து இறங்கி, கையிலிருந்த தாளையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே வைக்கோல் மேல் கோட்டுப் போட்ட ஒருவரும், மடியில் கைப்பையோடு ஓர் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வரிக்குதிரை எங்கய்யா?" என்றார் இயக்குநர்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"எங்க இயக்குநரும் துணை இயக்குநரும் சார். எங்க கம்ப்யூட்டர்ல இவங்கதான் வரிக்குதிரை."