ஸ்காபரோவில் ஒரு நாள் பாராளுமன்றம்

ஒரு பாடத்தை முழுதாகப் படித்தவரால் ஊருக்குக் கேடில்லை. ஒன்றுமே படிக்காதவராலும் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. பாதி செமஸ்டர் மட்டும் படித்தவரைத்தான் கூட்டத்துக்குத் தலைமை தாங்க விடக்கூடாது. கனடாவில் குடியேறிய எங்கள் ஊர்க்காரரின் சங்கம் என்னை விட்டது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கும் மூளை இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிவிடும் வைராக்கியத்தில், மாலை வகுப்பொன்றில் ஆங்கில வரலாறு எடுத்திருந்தேன். அதில் ஒரு கட்டுரை எழுத வேண்டும்: பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஒரு நாள் முழுக்க என்ன நடந்தது? அவையின் பழைய பதிவேட்டை எடுத்து வாசித்தேன். காலையில் செபம். பிறகு ஏதோ ஒரு பாலத்தைத் திருத்தும் மசோதா, முதல் வாசிப்பு. பிறகு அவையில் பேசியதைக் களவாக அச்சடித்து விற்ற ஒருவனைப் பிடித்து வந்து முழங்காலில் நிறுத்துகிறார்கள். பொழுது படுகிறது; மெழுகுதிரி கொண்டுவரலாமா என்று அதற்கும் ஒரு வாக்கெடுப்பு. (எங்கள் சங்கத்தில் முதலில் ரீ குடிப்பதா, முதலில் கூட்டமா என்று முக்கால் மணி நேரம் வாதாடுவோம். அந்த மனிதர்களை எனக்கு உடனே பிடித்துப்போனது.)

இதற்கிடையில் செல்வி அக்காவின் விஷயம் வந்தது. எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஓர் அங்கத்துவம், ஒரு வாக்கு. அது கணவன் பெயரில் இருக்கும். பெண்கள் ரீயோடு கடிக்க ரோல்ஸ் சுற்றலாம், கூட்டக் குறிப்பு எழுதலாம், கோடைகால ஒன்றுகூடலுக்கு இருநூறு பேருக்குச் சமைக்கலாம். கை மட்டும் உயர்த்த முடியாது. செல்வி அக்கா பதினாறு வருடம் அந்தச் சமையலைச் செய்தவர். கணவர் காலமானதும் பட்டியலில் அவர் பெயரை வெட்டினார்கள். அத்தோடு அக்காவும் வெட்டுப்பட்டார். அந்த வருடக் கூட்டத்துக்கு அவருக்கு ஓர் அறிவித்தல்கூடப் போகவில்லை. "நான் சங்கத்தில இல்லையாம் பிள்ளை" என்று மோர்னிங்சைட் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றே முடிவெடுத்தேன். பெண்களுக்கும் தனி அங்கத்துவம், தனி வாக்கு. அதை நிறைவேற்றாமல் ஓய்வதில்லை. எனக்கு வாக்கில்லாததால் என் கணவர் குகன் பெயரில் தீர்மானத்தைக் கொடுத்தோம். வீடு வீடாகத் தொலைபேசி எடுத்ததில் குகனையும் சேர்த்து முப்பத்தாறு பேர் சம்மதித்தார்கள்.

முந்தின வருடம் கை உயர்த்தி எண்ணியதில் பெரிய சண்டை வந்திருந்தது. (ஒருவர் இரண்டு கையும் உயர்த்தியிருந்தார். சோம்பல் முறித்ததாக இன்றுவரை சொல்கிறார்.) அதனால் இந்த முறை கூட்டத்தை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது, பழைய தலைவர் சிவபாதம் அண்ணையே என் பெயரைச் சொன்னார்.

"வதனி நடத்தட்டும். பிள்ளைக்கு வாக்கில்லை. அப்ப பக்கச்சார்பும் இல்லை."

அவர் என் தீர்மானத்தின் முதல் எதிரி. அவர் சொன்ன காரணம் என்னைக் குத்தியிருக்க வேண்டும். எனக்கோ தலை கிறுகிறுத்தது. சபாநாயகர் ஆகிவிட்டேன் அல்லவா? அன்று இரவே நடைமுறை விதிகளை எழுதத் தொடங்கினேன், எல்லாம் அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்து. ஒருவர் ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு முறைதான் பேசலாம். (சிவபாதம் அண்ணை சராசரியாக ஒன்பது முறை பேசுவார்.) பேசும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். முழங்காலில் நிறுத்துவதை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் சங்கத்தில் முழங்கால் மாற்று சிகிச்சை செய்தவர்கள் அதிகம்.

வாக்கெடுப்புத்தான் என் விதிகளின் மகுடம். அந்தக் காலத்தில் புதிதாக ஒன்றைக் கொண்டுவர விரும்புபவர் எழும்பி வெளியே போக வேண்டும். இருப்பதே போதும் என்பவர் உள்ளே இருக்கலாம். பிறகு உள்ளே இருப்பவர்களை எண்ணுவார்கள், வெளியே போனவர்களை வாசலில் ஒவ்வொருவராக உள்ளே விட்டு எண்ணுவார்கள். நானும் அப்படியே எழுதினேன்: "கதவு பூட்டப்பட்டபின் மண்டபத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் அங்கத்தவரும் 'இல்லை' என்றே எண்ணப்படுவார்."

"மாசி மாசத்தில சனத்தை வெளியில அனுப்பப் போறீரோ?" என்று குகன் கேட்டார்.

"ஓம். செல்வி அக்காவுக்காக ஒரு பத்து நிமிசம் பனியில நிக்க ஏலாதோ? அப்பிடி நிண்டு வெண்டால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

கூட்ட நாள் வந்தது. மைனஸ் பதினெட்டு. நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் கதவைத் திறந்தால் நேரே பார்க்கிங் லொட். பழைய அவையில் வாசலைக் காக்க ஓர் அதிகாரியும், மேசையில் ஒரு செங்கோலும் இருக்கும். செங்கோலுக்கு, காரில் பனி தட்டும் நீளப் பிரஷை எடுத்தேன். அதிகாரி வேலைக்குக் குகனை எடுத்தேன். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசராக இருப்பவர். கதவைப் பார்க்கச் சொன்னால் கண்ணிமைக்காமல் பார்ப்பவர். பிரஷைக் கையில் கொடுத்து, விரலை நீட்டிச் சொன்னேன்:

"எது நடந்தாலும் இந்தக் கதவடியை விட்டு அசையாதேங்கோ."

கூட்டம் அருமையாக நடந்தது. சிவபாதம் அண்ணை ஒரே ஒரு முறை பேசினார், இரண்டாம் முறை எழும்பியபோது நான் விதியைக் காட்ட உட்கார்ந்தார். குளிர்த் தொப்பிகள் ஒழுங்காகக் கழன்று ஒழுங்காக ஏறின. பின்னால் குசினி வாசலில் செல்வி அக்கா ரீக் கேத்திலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

"ஓம் எண்டிறவை வெளியில போகலாம். இல்லை எண்டிறவை இருக்கலாம்."

கதிரைகள் இழுபட்டன. ஜக்கெட், கையுறை, பூட்ஸ் என்று ஓர் ஆரவாரம். சம்மதித்தவர்களில் ஐந்து பேர் பூட்ஸைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்க்காமல் திரும்ப இருந்துவிட்டார்கள். அதை நான் முன்பே கணக்கில் கழித்திருந்தேன். ஐந்து போனாலும் முப்பத்தொன்று. அந்த ஐந்து பேரையும் சேர்த்து அவர்களுக்கு முப்பது. போதும்.

"கதவைப் பூட்டுங்கோ" என்றேன். குகன் பூட்டினார். பூட்டிவிட்டு உள்ளே நின்றார்.

சிவபாதம் அண்ணை எதிர்ப்பக்கத்துக்காக உள்ளே எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, கடைசி வரிசையில் "முப்பது" என்று முடித்தார். முடித்தவர் திரும்பும்போது கதவைப் பார்த்தார்.

"தம்பி குகன், நீர் அங்கத்தவர்தானே?"

"ஓம் அண்ணை."

"உள்ளுக்குத்தானே நிக்கிறீர்?"

"ஓம் அண்ணை."

"முப்பத்தொண்டு."

"அவர் வாசல் காக்கிறவர், அவரை எண்ணேலாது" என்றேன்.

அண்ணை தொப்பியைக் கழற்றினார். நான் அச்சடித்துக் கொடுத்த தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, நிதானமாக வாசித்தார். "மண்டபத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் அங்கத்தவரும். உதை எழுதினது ஆர் பிள்ளை?"

நான் குகனைப் பார்த்தேன். கண்ணால் கெஞ்சினேன். அவர் பிரஷை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என்னப்பா, நீங்கள் ஏன் வெளியில போகேல்லை?"

"நீர்தானே அசையாதேங்கோ எண்டனீர்."

கதவைத் திறந்தோம். வெளியே நின்றவர்கள் மூக்குச் சிவக்க, மீசையில் பனியோடு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். முப்பது. முப்பத்தோராவது ஆள் வருவார் என்று வெறும் பார்க்கிங் லொட்டை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சபாநாயகராக, என் வாயாலேயே, என் தீர்மானம் ஒரு வாக்கால் தோற்றது என்று அறிவித்தேன். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அதற்கு எதிராக எண்ணப்பட்டது இதுதான் முதல் தடவை என்று சிவபாதம் அண்ணை நன்றியுரையில் குறிப்பிட்டார்.

குசினிக்குள் போய் அழுதேன். வெட்கத்தால் பாதி, ஆத்திரத்தால் பாதி. எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாக்கை நானே கதவில் கட்டிப்போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு வாக்கு இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதைக் கேட்கத்தானே இவ்வளவும் செய்தேன். செல்வி அக்கா ஒரு கோப்பை ரீயை என் கையில் வைத்தார்.

"அழாதை. வாற வருசம் திரும்பக் கொண்டுவா. ஆனால் பிள்ளை, உந்த இங்கிலாந்துக்காரரை வீட்டில விட்டிட்டு வா."

திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறினேன். முதல் தடவை பூட்ஸ் போடாத ஐந்து பேரின் வீட்டுக்கும் இரண்டு தரம் போனேன். துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். பெரிய வித்தியாசத்தில் வென்றது. புதிய பட்டியலில் செல்வி அக்காவின் பெயர் முதலாவது. இரண்டு வருடத்தில் அவரே தலைவர். அவர் தலைமையில் சங்கத்தின் யாப்பில் ஒரு வரி சேர்ந்தது: வாக்கெடுப்பு முறையை மாற்றும் யோசனை எதையும் வதனி தனியாக எழுதக்கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. நானும் ஆதரித்து வாக்களித்தேன்.

வீட்டில் இன்னும் ஓயவில்லை. குப்பை எடுத்து வைக்கச் சொல்லியும் இவர் சோபாவை விட்டு எழும்பாவிட்டால், பல்கலைக்கழகம் போகும் மகள் மேலே இருந்தே சொல்வாள்: "அம்மா, லீவ் இற். அப்பா இஸ் எ நோ."

குகனோ தன்னில் குற்றமில்லை என்றே இன்றும் சாதிக்கிறார். விருந்தாளிகள் யார் வந்தாலும், கதை முடிந்து எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் மெல்லச் சொல்வார்:

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில இவ சொன்னதை அப்பிடியே செய்தது அந்த ஒரு நாள்தான். அதுக்குத்தான் இண்டைக்கும் பேச்சு வாங்கிறன்."