சைகோன் அக்காவும் அமாவாசைக் காக்கையும்

போலீசுக்குப் பயப்படாதவர்களைக் காரைக்காலில் நான் பார்த்திருக்கிறேன். சைகோன் அக்காவுக்குப் பயப்படாத ஒருவரையும் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சு போட்ட கடை அவருடையது. அக்கா பிறந்தது வியட்நாமில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அவர் காலமான பிறகு கடை போட்டார். நீள ரொட்டியைக் கீறி, வறுத்த இறைச்சி, வினிகரில் ஊறிய காரட், முள்ளங்கி, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் அடைத்துத் தருவார். கடித்தால் ரொட்டி நொறுங்குகிற சத்தம் எதிர்க்கடைக்குக் கேட்கும். குரும்பகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து குமாஸ்தா வேலை பார்த்த நான், வீட்டுத் தயிர்சாதத்தை யார் தலையிலாவது கட்டிவிட்டு அங்கே ஓடிவிடுவேன்.

கூட வேலை பார்த்த சபாபதி தருமபுரத்துக்காரர். முதல் நாளே வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி கேட்டுவிட்டார். அக்கா அவர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டையும் நானே தின்றேன். பசியால் இல்லை, பயத்தால்.

மிளகாயைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தால், அதையும் எடுத்து வாயில் போடும்வரை பக்கத்திலேயே நிற்பார். கணவர் மரியாதையாகப் பேசியே தமிழ் கற்றுக்கொடுத்ததால், தெருநாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார். நாயும் மரியாதையாகவே போகும்.

எழுபத்தைந்தில் சைகோனில் சண்டை முடிந்து ஆட்சி மாறியது. அங்கே தனியாக இருந்த அக்காவின் அம்மாவைப் பற்றி அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து தப்பியவர்கள் பலர் பிரான்சுக்குப் போயிருந்ததால், பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரிப்பார். யாருக்கும் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து, ஓர் ஆடி அமாவாசைக்கு முன்னால் சபாபதி நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அம்மாவுக்கு ஒரு வாய் சோறு வச்சிடுங்கக்கா. பசியோட அலையக் கூடாது பாருங்க."

அக்கா எங்களை எழுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார். உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு யாராவது படையல் போடுவார்களா? சபாபதிக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் அந்தப் பசி அக்காவின் மனசில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. அமாவாசை அன்று எங்களுக்கு ஆள் அனுப்பினார். கொல்லை மதிலில் வாழை இலை, இலைமேல் இறைச்சி வைத்த ரொட்டி. இன்றைக்குப் போய் கவிச்சியா என்று சபாபதி தயங்கினார். எங்கம்மா வெறும் காய் சாப்பிட மாட்டாங்க என்று சொல்லிவிட்டார் அக்கா.

காக்கை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு மிளகாயை இழுத்துக் கீழே போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. காக்கை எடுக்காவிட்டால் போனவர்களுக்கு ஏதோ மனக்குறை என்பது நம் நம்பிக்கை. நாங்கள் கலங்கி நின்றோம். அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, எடுக்கல. எங்கம்மா உசுரோடதாங்க இருக்காங்க."

எந்தச் சாஸ்திரத்தை வைத்து இதை மறுப்பது? அன்று சபாபதிக்குச் சட்னியே அரைத்துக் கொடுத்தார்.

வம்பு அதற்கப்புறம்தான். ஆடி அமாவாசை தவறாமல் அக்கா ரொட்டி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாக் காக்கையும் மிளகாய்க்குப் பயப்படுமா? ஊரே கா கா என்று கூவி அழைக்கிற நேரத்தில், நாங்கள் இருவரும் மதிலுக்கு வெளியே குனிந்து நின்று, குடையை வீசிக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தோம். முன்னோர் காரியத்தில் ஒரு குறையும் வைக்காத சபாபதி, தன் வீட்டுப் படையலைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். அக்காவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

எண்பதுகளில் ஓர் ஆடி. அக்காவுக்கே தலை நரைத்துவிட்டது. இலையைப் போட்டவர் உள்ளே போகாமல் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சபாபதியின் குடை அந்தரத்தில் நின்றது.

"விட்டுடுங்க சார்," என்றார் அக்கா. "அம்மாவுக்கு எவ்வளவு வயசாயிருக்கும். இன்னும் எங்கங்க இருக்கப் போறாங்க. பசிக்கும்."

பிறகு அவரே கா கா என்று கூப்பிட்டார். பாதியில் நிறுத்திவிட்டார். சபாபதி குடையை மடக்கிவிட்டு மீதியைக் கூப்பிட்டார்.

நான் கூப்பிடவில்லை. ஒரு காக்கையும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.