ஏழாவது வரிசை பாசஞ்சர்

புதுச்சேரியிலேயே அதிக தடவை செத்த ஆள் பாசஞ்சர்தான். அவரை மிஞ்ச ஆள் இல்லை. சில நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் ரெண்டு தடவை சாவார். கை கழுவிவிட்டு வந்து சாப்பிடுவார். மத்தியானம் மறுபடியும் சாவார்.

மதகடிப்பட்டுக்கு உள்ளடங்கி, கரும்புக் கொல்லைக்கு நடுவில் ஒரு ஷெட். அதற்குள் ஒரு பழைய விமானத்தின் உடம்பு. றெக்கை கிடையாது. லாரியில் வந்தது. விமானத்தில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அங்கே பயிற்சி. நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது, ஒருவர் மயங்கினால் என்ன செய்வது, நடு வானத்தில் செத்தே போனால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் முறை உண்டு. புத்தகம் உண்டு. பரீட்சை உண்டு. நான் அங்கே புகை மிஷின் போடுகிறவன். கதவு, தாழ்ப்பாள் ரிப்பேரும் நான்தான். படிப்பு எட்டாவது.

பயிற்சிக்குப் பயணிகள் வேண்டும். கரும்பு வெட்டு இல்லாத நாளில் பக்கத்து ஊர் ஆட்கள் கூலிக்கு வருவார்கள். உட்காருவார்கள், கத்துவார்கள், சறுக்கி இறங்குவார்கள், போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் தினமும் வந்தார். மண்ணாடிப்பட்டுப் பக்கம். ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர்தான் பாசஞ்சர்.

முதல் நாள் மேடம் அவரிடம் சொன்னார். பயிற்சி கொடுக்கிற மேடம் பல வருஷம் விமானத்தில் வேலை பார்த்தவர், மெட்ராஸ்காரர்.

"நீங்க மயங்கிடறீங்க. சீட்ல சாஞ்சுக்குங்க."

"எங்கேருந்து வரேன் மேடம்?"

"எங்கேருந்தும் இல்ல. சும்மா மயங்குங்க."

"சும்மா எப்டி மேடம் மயங்கறது? எந்த ஊரு, இன்னா ஜோலியா போறேன், எறங்குனா யாரு கூப்ட வருவாங்க. அத்த சொல்லுங்க. நான்பாட்டுக்கு மயங்கிக்கிறேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"துபாய்லேருந்து வர்றபா. நாளைக்கு உன் பொண்ணுக்குக் கல்யாணம்."

அவர் தலையாட்டினார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இவருக்குப் பொண்ணு இருக்கா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணமே ஆவல மேடம்" என்றேன்.

ஒரு வாரம் அவருக்கு நடக்க முடியாத பயணி வேஷம். சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிட ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கண்டக்டர் எழுந்து தன் சீட்டையே கொடுத்தார். அடுத்த வாரம் குடிகாரப் பயணி. அவர் பச்சைத் தண்ணீர்தான் குடித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு வாடை அடித்தது.

எப்போதும் ஏழாவது வரிசை, ஜன்னல் பக்கம். பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார். ஒரு நாள் நான் சீட் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பயிற்சி இல்லை. அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"பொகை, கொஞ்சம் தள்ளி நில்லுபா" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "அவரு கால நீட்டணுமாம்."

"யாரு?"

பக்கத்து சீட்டைக் காட்டினார். காலி சீட்.

"யாருபா அவரு?"

"கேக்கல. நாமளா கேட்டா மரியாதையா இருக்குமா?"

நான் தள்ளி நின்றேன். அந்தச் சீட்டை அன்றிலிருந்து நான் அழுத்தித் துடைப்பதில்லை.

பறக்கும்போது ஒருவர் செத்துவிட்டால் அதற்கு முறை இருக்கிறது. கண்ணை மூடிவிட வேண்டும். பெல்ட் போட வேண்டும். கழுத்து வரை போர்த்த வேண்டும். மற்றவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. பாசஞ்சருக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். தலை ஒரு பக்கம் சாயும். வாய் லேசாகத் திறக்கும். நெஞ்சு ஏறி இறங்காது. ஒரு நாள் அவர் உதட்டில் ஈ உட்கார்ந்தது. மூக்குக்குப் போனது. இமைக்குப் போனது. ஒரு அசைவு இல்லை. இன்னும் நாலு ஈ வந்தது. போர்வை பிடித்திருந்த பெண் அதைப் போட்டுவிட்டு ஓடினாள் கரும்புக் கொல்லைக்குள். தேடிக் கூட்டி வர அரை நாள் ஆனது.

அந்தப் பிள்ளைகளில் என் பெண்ணும் ஒருத்தி. கௌரி. நான் வேலை செய்கிற இடம் என்பதால் அவளுக்கு மேடம் இடம் கொடுத்தார். நன்றாகப் படித்தாள். இங்கிலீஷ் பேசினாள். பாசஞ்சரை மட்டும் அவளால் தொட முடியவில்லை. கை பக்கத்தில் போகும், நின்றுவிடும். ரெண்டு பரீட்சை அதனால் போனது. மூன்றோடு சரி. அதிலும் தோற்றால் சர்டிபிகேட் கிடையாது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"கொஞ்சம் உயிரோட இருந்தா இன்னாபா?" என்று பாசஞ்சரிடம் கேட்டேன். அதற்கு முன் அவரிடம் எந்த உதவியும் கேட்டதில்லை.

"நான் நடிச்சா அவ நடிச்சிதான் காப்பாத்துவா" என்றார். "அது எதுக்கு ஆவும்?"

மூன்றாம் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். சிரிக்காத ஆள். பட்டியலில் பன்னிரண்டு பயணிகள். பாதிக் கதவு அடைப்பு. விளக்கு கிடையாது. தொண்ணூறு விநாடியில் எல்லோரும் வெளியே வர வேண்டும். பாசஞ்சருக்கு மயக்கம் என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். விமானத்தில் செருப்போடு ஏறமாட்டார்கள். "இது கோயில் இல்லங்க" என்று மேடம் சொல்லி ஓய்ந்துவிட்டார். படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்தப் பக்கம் சறுக்கி இறங்கி, சுற்றி வந்து மாட்டிக்கொள்வார்கள்.

காலை பதினோரு மணி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நான் புகை விட்டேன். உள்ளே கௌரியின் குரல் கேட்டது.

"பெல்ட்டக் கழட்டுங்க. மூட்டைய விடுங்க. இந்தப் பக்கம் வாங்க."

ஒவ்வொருவராகச் சறுக்கி வந்தார்கள். கடைசியில் அவள் வந்தாள். தேர்வாளர் பயணிகளை எண்ணினார். பன்னிரண்டு. கடிகாரத்தைப் பார்த்தார். "எண்பத்து நாலு விநாடி" என்று உரக்கச் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

ஆட்கள் சுற்றி வந்து செருப்பை மாட்டினார்கள். ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. ஒன்றுக்கு நீல வார், இன்னொன்றுக்கு வெள்ளை வார். யாருடையது என்று எனக்குத் தெரியும். கௌரிக்கும் தெரியும்.

"சார், ஒருத்தர் உள்ள இருக்காரு."

"பன்னண்டு வந்தாச்சே."

அப்புறம்தான் தெரிந்தது. டீ கொண்டுவந்த ஆள் சும்மா பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார். அவரும் சறுக்கி இறங்கியிருக்கிறார்.

"ஏழாவது வரிசைல டார்ச் அடிச்சேன். காலியா இருந்துது. எறங்கிட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் கௌரி.

"திரும்ப ஏறினா கடிகாரம் விட்ட எடத்துலேருந்து ஓடும்" என்றார் தேர்வாளர்.

அவள் என்னைப் பார்த்தாள். போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் ஏறிவிட்டாள்.

துணி ஓரமாக டார்ச் வெளிச்சம் தெரிந்தது. வால் பக்கம் போனது. நின்றது. அப்புறம் அணைந்தது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே கரும்புத் தோகைகூட அசையவில்லை.

தடக் தடக் என்று ஏதோ இழுபடும் சத்தம். அவரைக் கக்கத்தில் பிடித்துப் பின்னால் இழுத்து வந்தாள். ரெண்டு பேரும் சறுக்கி விழுந்தார்கள்.

"மூணு நிமிஷம்" என்றார் தேர்வாளர். "ஃபெயில்."

மேடம் குனிந்தார்.

"முடிஞ்சுதுங்க. எழுந்திருங்க."

பாசஞ்சர் எழவில்லை. தேர்வாளர் மண்டி போட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை மாற்றி மாற்றி வைத்தார். கழுத்தில் வைத்தார். காதை நெஞ்சில் வைத்தார். அந்தக் கடிகாரத்தை அவரே கழற்றிக் கீழே வைத்தார்.

"ஆம்புலன்ஸுக்கு சொல்லுங்க" என்றார்.

டீக்காரர் ஓடினார். அப்போது கண் திறக்காமல் பாசஞ்சர் பேசினார்.

"எதுக்கு சார் ஆம்புலன்ஸு. நெருப்புக்கு முன்னாடியே செத்துட்டேன்."

தேர்வாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம்.

"உங்களுக்கு மயக்கம்னுதானே எழுதினேன்?"

"மயக்கந்தான் சார். கக்கூசுக்குப் போனேன். அங்க முத்திப்போச்சி. உசுரோட இருக்கறவங்க வெளிய வந்தப்புறந்தான் செத்தவன பாக்கணும். மேடம் புஸ்தகத்துல போட்டிருக்கு. எண்பத்து நாலுலயே அந்தப் பொண்ணு பாசு."

தேர்வாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். தேர்வாளர் அதை வெகுநேரம் படித்தார். பிறகு கௌரியிடம் கேட்டார்.

"செத்தவருக்காக எதுக்கும்மா திரும்பப் போனே?"

"செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாது சார். செருப்பு இருந்துச்சி."

அவர் காகிதத்தில் ஏதோ எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவள் பாஸ்.

எல்லோரும் போன பிறகு கௌரி என்னிடம் சொன்னாள்.

"அப்பா, கக்கூஸ் உள்தாப்பா போட்டிருந்துச்சி. தட்டலாம்னு கை தூக்கறேன், தானா தொறந்துச்சி. டார்ச் அணஞ்சிபோச்சி. கை நீட்டுனேன், அவரு கை தட்டுப்பட்டுச்சி. மயங்கித்தான் கெடந்தாரு. அப்போ தொறந்தது யாரு?"

அந்தத் தாழ்ப்பாளை அடித்துப் பொருத்தியவன் நான். உள்ளே இருந்து ஆள் இழுக்காமல் அது திறக்காது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இப்போது அங்கே ரப்பர் பொம்மை வாங்கிவிட்டார்கள். பொம்மை எந்த ஊர் என்று கேட்பதில்லை. கௌரி வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பாசஞ்சர் மண்ணாடிப்பட்டுப் பக்கமே மாடு பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் புகை மிஷினைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். இழுத்து வந்ததில் ரெண்டு குதிகாலும் தோல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"நாடி எப்டிபா நின்னுச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியல பொகை" என்றார்.

முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து எடுத்து வந்தேன். அவர் காலை என் மடியில் வைத்துத் தடவினேன். கால் சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.