நல்லசாமியின் மழைக்கோட்டு

ரப்பர் தோட்டத்து கேட்டில் நல்லசாமியின் மழைக்கோட்டைத் தடவிப் பார்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ராமகிருஷ்ணன், விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

"என்னண்ணே, எண்ணெய் வழியுது? பலகாரம் சுத்திக்கிட்டுப் போறியா?"

"புது பிளாஸ்டிக் தம்பி. சிரம்பான்ல வாங்கினது. அதுவா கசியுது லா."

மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு வடை போனாலும் கொடுத்தவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். மூன்று வயதில் வந்த நல்லசாமிக்கு இந்தியாவைப் பற்றி நினைவிருந்தது கப்பலில் எடுத்த வாந்தி மட்டும்தான்.

அன்று மாலையே கோட்டைச் சவுக்காரம் போட்டுத் துவைத்தான். பிசுக்கு கூடியது. மறுநாள் வெயிலில் தொங்கவிட்டான். கோட்டு ஆளைப்போல வியர்த்துச் சொட்டியது. வாசல் வழுக்குகிறதென்று மனைவி பஞ்சாலை கோட்டுக்கு அடியில் ஒரு பால் டின்னை வைத்தாள். கடைசியாக மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தான். கோட்டு பலகையாய் விறைத்துப்போனது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அது பாட்டுக்குத் தனியாக நிற்க, வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் அதற்கும் ஓர் ஆள் வருகை போட்டார்.

கேட்டில் ராமகிருஷ்ணன் மோந்து பார்த்தான்.

"அன்னிக்குச் சமையல் எண்ணெய், இன்னிக்கு மண்ணெண்ணெய். அடுப்பு நாளைக்கா, அண்ணே?"

கோட்டு இன்ஸ்பெக்டர் துரையிடம் போனது. கோலாலம்பூரில் ரசாயனம் படித்த ஒருவரிடம் ஓர் இயந்திரம் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை எண்ணெய்க்குள் பாய்ச்சினால் அது காகிதத்தில் கோடு போடுமாம். கைரேகை மாதிரி, எண்ணெய்க்கு எண்ணெய் கோடு வேறு. ஒத்துப்பார்க்க வீட்டுச் சமையல் எண்ணெயும் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை அந்தியில் ராமகிருஷ்ணன் லயத்து வீட்டுக்கு வந்து கேட்டான். பஞ்சாலை ஒரு மருந்து பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேடு மேட்டில் உட்கார்ந்தது, பள்ளம் பள்ளத்தில் விழுந்தது. மழைக்கோட்டில் ஊறியிருந்த எண்ணெயும் சமையலறை எண்ணெயும் ஒன்றேதான் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி முருகையா மொழிபெயர்த்தார். அடுத்த வாரம் கப்பல் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

நல்லசாமிக்கு இப்போதே குமட்டியது.

வாசலில் நின்ற பஞ்சாலையிடம், பாட்டிலில் கொடுத்தது அவள் வீட்டு எண்ணெய்தானா என்று சம்பிரதாயத்துக்காகக் கேட்டார் கிராணி.

"ரேஷன்ல அளந்து குடுத்த எண்ணெய் தீர்ந்து நாலு நாளாச்சுங்க. அதுக்காக வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல வந்து கேட்டவங்ககிட்ட, எண்ணெய் இல்லைன்னு வாயால சொல்ல முடியுங்களா? கோட்டுக்கு அடியில வச்ச டின்னுலேர்ந்து ஊத்திக் குடுத்தேன்."